லேசர் பிரதிஷ்டை

எங்கள் முத்துநகர் விண்மீன் ஆர்வலர் சங்கத்தில் வானத்தைப் பார்ப்பதைத் தவிர மற்ற எல்லாம் ஒழுங்காக நடக்கும். ஆரம்ப ஜெபம் உண்டு. சென்ற கூட்டத்தின் அறிக்கை உண்டு. நன்றியுரை உண்டு. நன்றியுரை சொன்னவருக்கு நன்றி சொல்லவும் ஒருவர் உண்டு. வடையும் காப்பியும் முடிந்தபின் நேரம் மிச்சமிருந்தால் யாராவது தலையை நிமிர்த்துவார்கள். தலைவர் கிருபாகரன் சார் நாசரேத்துக்காரர், பள்ளித் தலைமையாசிரியர். எதையும் தீர்மானம் போட்டுத்தான் செய்வார். அவர் வீட்டில் புளிக்குழம்புக்கும் தீர்மானம் போடுவார்கள் என்று நான் சொல்வதுண்டு. அவர் மனைவி அதை மறுத்ததில்லை.

நான் ஜெபசுதா. துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் ஏஜென்ட் ஒருவரின் ஆபீசில் வேலை. காலையிலிருந்து சாயங்காலம் வரை டியூப்லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து கண்டெய்னர் எண்களைத் தட்டுகிறவள். வெளிச்சம் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. இந்த ஊரிலோ இருட்டுக்குத்தான் பஞ்சம். துறைமுகத்துக் கிரேன்களில் வெளிச்சம், அனல்மின் நிலையத்தில் வெளிச்சம், பைபாஸ் நெடுக வெளிச்சம். போதாக்குறைக்குக் கல்யாண மண்டபக்காரர்கள் மாப்பிள்ளையை விட்டுவிட்டு மேகத்துக்கு லைட் அடிக்கிறார்கள்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு இடம். முள்ளக்காட்டுக்கு அப்பால், கடலை ஒட்டி, அய்யாக்குட்டி அண்ணாச்சியின் உப்பளம். அங்கே பாத்திகளுக்கு நடுவே அகலமான ஒரு கரை இருக்கிறது. வடக்கே வரிசையாக நிற்கும் உப்புக் குவியல்கள் ஊர் வெளிச்சத்தை மறைத்துவிடும். அண்ணாச்சி எங்களிடம் வாடகை கேட்டதில்லை, வந்தால் நாற்காலி எடுத்துப் போடுவார். வைகாசி மாதம் அந்தக் கரையில் நின்று தெற்கே பார்த்தால், ஒமேகா செண்டாரி வெறும் கண்ணுக்கே மங்கலான பஞ்சுப் பொட்டாகத் தெரியும். லட்சக்கணக்கான நட்சத்திரங்கள் ஒன்றாய் அடைந்து கிடக்கும் கொத்து அது. போன வருஷம் அதை முதன்முதலாகப் பார்த்தபோது நான் அழுதுவிட்டேன். இருட்டாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை. அந்த இடம் போனால் எனக்கு வேறு போக்கிடம் கிடையாது. எல்லோரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன், கிருபாகரன் சாரிடம் இரண்டு தடவை.

இந்தச் சங்கத்துக்கு ஒரு லேசர் வாங்கலாம் என்று யோசனை வந்தது, அதில் குற்றம் ஒன்றுமில்லை. புதிதாக வருகிறவர்களுக்கு நட்சத்திரத்தை விரலால் காட்ட முடியாது. "அந்தா பாருங்க" என்றால் அவரவர் அவரவருக்குப் பிடித்த நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு "ஆமா, ஆமா" என்பார்கள். லேசர் இருந்தால் பச்சைக் கோடு நேராகப் போய் நட்சத்திரத்தின் பக்கத்தில் நிற்கும். எதை வாங்கலாம் என்று விசாரித்துச் சொல்லும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நானும் விசாரித்துச் சொன்னேன்.

"அஞ்சு மில்லிவாட்டுக்கு மேல வேண்டாம் சார். பச்சை கலர்னா இருட்டுல அதுவே எல்லாருக்கும் தெரியும். அதுக்கு மேல போனா கண்ணுக்கு ஆபத்து. பிளேன், படகு, வண்டி பக்கம் அடிச்சோம்னா போலீஸ் கேஸு. ஒரே ஆள்தான் கையில வச்சிருக்கணும். தாழ்வா இருக்குற நட்சத்திரத்த காட்ட அத எடுக்கவே கூடாது."

சாரின் முகம் வாடிவிட்டது. "அஞ்சுதானாம்மா? நம்ம சங்கத்தோட அந்தஸ்துக்கு அஞ்சு எப்படிக் காணும்?"

காயல்பட்டினத்து முஆத் எனக்குத் துணைக்கு வந்தான். கல்ஃபில் சில வருஷம் இருந்துவிட்டு வந்து இங்கே செல்போன் கடை வைத்திருக்கிறான். சங்கத்தில் காப்பி தீருமுன் வானத்தைப் பார்க்கிற ஆள் என்னைத் தவிர அவன்தான். "அக்கா சொல்லுததுதான் சார் சரி. ஆன்லைன்ல விக்கிறவன் ஒட்டுற ஸ்டிக்கரை நம்ப முடியாது. டெஸ்ட் ரிப்போர்ட் தார கம்பெனியா பாத்து வாங்குவோம்."

"தம்பி, விவாதம் முடிஞ்சிட்டு" என்றார் சார். விவாதம் எப்போது ஆரம்பித்தது என்று முஆத் என்னைப் பார்த்தான்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு பெட்டி வந்து சேர்ந்தது. உள்ளே வெல்வெட் மெத்தை, மெத்தைமேல் முழங்கை நீளத்துக்கு ஒரு குழாய், அதைப் பூட்டச் சாவி. விளம்பரத்தில் அது தீக்குச்சியைப் பற்றவைத்தது, பலூனை வெடிக்க வைத்தது. குழாயின் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரிலோ அடக்கமாக அஞ்சு மில்லிவாட் என்று போட்டிருந்தது.

"அஞ்சு மில்லிவாட்டுல தீக்குச்சி பத்தாது சார். ஸ்டிக்கர் பொய்."

"பொய்னு ஏம்மா நினைக்கிய? சட்டத்துக்கு ஸ்டிக்கர், நமக்குப் பவர்" என்றார் சார், ஒரு தலைமையாசிரியர். பிறகு ஒரு கறுப்பு பலூனைக் கட்டித் தொங்கவிட்டு, தூரத்தில் நின்று அதை வெடிக்க வைத்துக் காட்டினார். கமிட்டி கைதட்டியது. வானவியலில் பலூனுக்கு என்ன வேலை என்று நான் கேட்டது அந்தச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

சரி, வாங்கியது வாங்கியாயிற்று, பெட்டியிலேயே கிடக்கட்டும் என்று விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் பக்கத்தில் எந்தப் பொருளையும் சும்மா விடமாட்டார்கள், பிரதிஷ்டை பண்ணியாக வேண்டும். வேதக்கோயிலுக்கு மைக் செட் வந்தால் பிரதிஷ்டை. பள்ளிக்கூடத்துக்குத் தண்ணீர்த் தொட்டி வந்தால் பிரதிஷ்டை. குருவானவர் ஜெபிக்க வேண்டும், பெரிய மனுஷர் ஒருவர் ரிப்பன் வெட்ட வேண்டும், கமிட்டிக்காரர்களின் பெயரைக் கல்லில் வெட்டி வைக்க வேண்டும். லேசரில் கல்வெட்டுப் பதிக்க இடமில்லாததால், பெட்டியின் மூடியில் பித்தளைத் தகடு அடித்து அதில் எல்லோர் பெயரையும் பதவியோடு பொறித்தார்கள். என் பெயரும் இருந்தது.

சித்திரை அமாவாசையை ஒட்டி ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அண்ணாச்சியின் உப்பளத்திலேயே விழா. சிறப்பு விருந்தினரும் அண்ணாச்சிதான். நிகழ்ச்சி நிரலை அச்சடித்துவிட்டுத்தான் எனக்குக் காட்டினார்கள். 'சித்திரை மாதத்தில் சித்திரை நட்சத்திரத்தைச் சுட்டி லேசரைத் தொடங்கி வைத்தல்' என்று இருந்தது. கேட்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நேரத்துக்குச் சித்திரை நட்சத்திரம் கிழக்கே, கடலுக்கு மேல், தாழ்வாக நிற்கும்.

"கடல் பக்கம் அடிக்கக் கூடாது சார். உச்சியில எத்தனையோ நட்சத்திரம் இருக்கு, அதுல ஒண்ணக் காட்டுவோம். நானே பிடிச்சுக்கிடுதேன்."

"அச்சடிச்சாச்சேம்மா" என்றார் சார்.

அன்று குருவானவர் நட்சத்திரங்களுக்காக ஒரு வரியும் கமிட்டிக்காரர்களுக்காகப் பதவி வரிசைப்படிப் பல வரிகளும் ஜெபித்தார். அண்ணாச்சி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார், கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டு. போட்டோவில் கண்ணாடி மின்னும் என்று போட்டோக்காரர் சொல்லியிருந்தாராம். ரிப்பனை வெட்டினார். சார் சாவியைத் திருப்பி லேசரை அவர் கையில் கொடுத்தார்.

"அந்தா அண்ணாச்சி, கிழக்க, வெள்ளையா மின்னுது பாருங்க."

அண்ணாச்சி கிழக்கே பார்த்தார். இருந்ததிலேயே பெரிதாக, வெள்ளையாக, நன்றாக மின்னிய ஒன்றைத் தேர்ந்தெடுத்து அடித்தார். அது கடல்மட்டத்தில் இருந்தது. மெதுவாக நகர்ந்துகொண்டும் இருந்தது.

"அண்ணாச்சி, அது படகு" என்று முஆத் கத்தினான். கைதட்டலில் அது அமுங்கிப் போயிற்று. "அப்படியே ஆட்டாம பிடிங்க, இன்னொரு போட்டோ" என்றார் போட்டோக்காரர். கோடு ஆடாமல் நின்றது. நான் நாற்காலிகளைத் தள்ளிக்கொண்டு ஓடி அண்ணாச்சியின் மணிக்கட்டைப் பிடித்து மேலே தூக்கினேன். சிறப்பு விருந்தினரின் கையைப் பிடித்து இழுத்த பொம்பிளையைக் கமிட்டி முறைத்துப் பார்த்தது.

அந்தப் படகு கடலோரப் போலீசின் ரோந்துப் படகு. எங்கள் கடற்கரையில் இருட்டிலிருந்து கடலைப் பார்த்து ஒரு வெளிச்சம் அடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். இலங்கைக்குப் போகிற பீடி இலை மூட்டை கரையில் தயார், வந்து ஏற்றிக்கொள். நன்றியுரை முடிவதற்குள் ஜீப் வந்துவிட்டது.

"யாருக்கு சிக்னல் குடுத்தீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நட்சத்திரத்துக்கு சார்" என்றார் கிருபாகரன் சார். வேறு எந்தப் பதில் சொல்லியிருந்தாலும் கொஞ்சம் நம்பியிருப்பார்கள்.

எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார்கள், குருவானவரையும் சேர்த்து. உப்புக் குவியல்களின் தார்ப்பாயைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார்கள், உப்புதான் இருந்தது. யார் யார் இதில் சம்பந்தப்பட்டவர்கள் என்று இன்ஸ்பெக்டர் கேட்கவே வேண்டியிருக்கவில்லை. பித்தளைத் தகட்டில் பதவியோடு இருந்ததைப் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

"படகு ஓட்டுன ஆளுக்கு இன்னும் கண்ணு கூசிக்கிட்டே இருக்கு. இன்னும் கொஞ்சம் கிட்டத்துல வந்திருந்தான்னா அவன் கதி என்ன? படகு மேல இத அடிக்கக் கூடாதுன்னு தெரியுமா தெரியாதா?"

"அது தீர்மானத்துல வரல சார்" என்றார் எங்கள் தலைவர்.

சிரிப்பு வர வேண்டிய இடம்தான். எனக்கு வரவில்லை. முகம் தெரியாத ஒருவன் கடலில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்கிறான், இங்கே வடை ஆறிக்கொண்டிருக்கிறது. விடிந்தபின் அவன் கண்ணுக்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

குருவானவரின் முகத்துக்காகக் கேஸ் போடவில்லை. லேசரை எடுத்துக்கொண்டு மன்னிப்புக் கடிதம் எழுதச் சொன்னார்கள். சார் முகவுரை, முடிவுரை எல்லாம் வைத்து எழுதினார். போகும்போது இன்ஸ்பெக்டர் அண்ணாச்சி பக்கம் திரும்பினார்.

"ஒங்க அளத்துல இருட்டுல என்ன நடக்குன்னே தெரியல. நாளைக்கு நெசமாவே எவனாவது சரக்கு ஏத்துனா நீங்கதான் பதில் சொல்லணும்."

அண்ணாச்சியின் முகம் சுருங்கிவிட்டது. அவர் உப்பளத்துக்குள் அதுவரை போலீஸ் ஜீப் வந்ததில்லை. "இனிமே இருட்டு இருக்காது சார்" என்றார். எனக்கு அது காதில் விழுந்தது. ஆனால் கிருபாகரன் சாரிடம் சண்டை போடுகிற மும்முரத்தில் மனதில் நிற்கவில்லை.

அடுத்த கூட்டத்தில் லேசர் பாதுகாப்புத் துணைக்குழு அமைக்கப்பட்டது. தலைவர் கிருபாகரன் சார். அஞ்சு மில்லிவாட்டுக்கு மேல் கூடாது, படகு பக்கம் அடிக்கக் கூடாது, தாழ்வாக அடிக்கக் கூடாது என்று நான் சொன்னதையெல்லாம் அவரே கண்டுபிடித்தவர் போல வாசித்தார். கமிட்டி கைதட்டியது. முஆத் டெஸ்ட் ரிப்போர்ட்டோடு சின்ன லேசர் ஒன்று வரவழைத்தான், பேனா அளவு. ரிப்பன், குருவானவர், தகடு எதுவும் இல்லாமல் அதை என் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வைகாசியில் ஒரு நாள் மழை பெய்து வானம் கழுவிவிட்டாற்போல இருந்தது. ஆபீஸ் முடிந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முஆத் பைக்கில் பின்னால் வந்தான். முள்ளக்காடு தாண்டியதும் உப்பளம் இருக்கும் திசையில் வானம் வெளுத்திருந்தது. புதிதாக ஏதோ மண்டபம் கட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

கரையின் நடுவே, நாங்கள் நாற்காலி போடும் இடத்திலேயே, பஸ் ஸ்டாண்டில் நிற்பதுபோல உயரமான ஒரு கம்பம். அதன் உச்சியில் வட்டமாக விளக்குகள். வெள்ளை உப்பில் வெளிச்சம் பட்டுத் திரும்பி மேலேயும் அடித்தது. அண்ணாச்சி அதன் கீழே நின்றுகொண்டிருந்தார்.

"வாங்கம்மா, வாங்க தம்பி" என்றார். "ஒங்களுக்காகத்தான் போட்டேன். அன்னைக்கு அந்த ஆளு ஒங்க எல்லாரையும் களவாணிப்பயலுவ மாதிரி வரிசையில நிறுத்துனாம்லா, எனக்கு ஒறக்கமே வரல. அதுவும் எம் எடத்துல வச்சு. இனி எவனும் ஒரு வார்த்த கேக்க முடியாது. விடிய விடிய எரியும்."

"அண்ணாச்சி, நாங்க வார அன்னைக்கு மட்டும் கொஞ்ச நேரம் அணைக்கலாமா?"

"ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்திருக்கேம்மா, அணைக்கவே மாட்டேன்னு. அணைச்சா மறுபடியும் ஒங்களத்தான் சந்தேகப்படுவாவ. அது எதுக்கு ஒங்களுக்கு?"

தெற்கே பார்த்தேன். கண்ணுக்கு மேல் கையை வைத்து மறைத்துக்கொண்டு பார்த்தேன். உப்புக் குவியலுக்குப் பின்னால் போய் நின்று பார்த்தேன். சாம்பல் நிற வானத்தில் நாலைந்து நட்சத்திரம் இருந்தது, ஒமேகா செண்டாரி இல்லை. முஆத் பைக்கின் மேலேயே உட்கார்ந்திருந்தான்.

கிருபாகரன் சார் இதைச் செய்திருந்தால் நாசரேத் வரைக்கும் கேட்கும்படி திட்டியிருப்பேன். என் வாய்க்குப் பயந்துதான் பாதிக் கமிட்டி எனக்கு நாற்காலி கொடுக்கிறது. ஆனால் அண்ணாச்சி தோளில் கிடந்த துண்டை எடுத்து இரண்டு நாற்காலிகளைத் துடைத்து, கம்பத்துக்கு நேர் கீழே, நல்ல வெளிச்சத்தில் போட்டார். எங்களுக்காக ஒருவர் மனமுவந்து செலவழித்தது அந்தச் சங்கத்தின் சரித்திரத்திலேயே அதுதான் முதல் தடவை. போய் உட்கார்ந்தேன்.

"இப்பம் நல்லாத் தெரியுதாம்மா?" என்று கேட்டார்.

"நல்லாத் தெரியுது அண்ணாச்சி" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, நான் பார்த்த திசையிலேயே அவரும் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"தெக்க மட்டும் கொஞ்சம் மங்கலா இருக்கோ?" என்றார். "அங்கனயும் ஒண்ணு போட்டுருவோம்."