நெஞ்சுக்குப் போகாத கை

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கில்லை. ஒரு மருத்துவமனை வராந்தாவில் பொறுக்கியது. நடுவில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருக்க, அவரைச் சுற்றி நின்று ஒரு குடும்பம் கத்திக்கொண்டிருந்தது. அவர் மெதுவாகக் கையைத் தூக்கி நெஞ்சில் வைத்தார். அத்தனை வாயும் கப்சிப். அவர் முகத்தில் வலி இல்லை. ஜெயித்தவனின் அலுப்பு இருந்தது.

[அலுப்பா, திருப்தியா? திருப்தி என்று எழுதினால் வில்லனாகிவிடுவார். அலுப்பே இருக்கட்டும்.]

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "அந்த வீட்டில் எல்லோரும் ஒரே இதயத்துக்குள் குடியிருந்தார்கள், அதன் சுவர்கள்..."

வேண்டாம். வாழ்த்து அட்டை வாசகம். நேராகவே சொல்கிறேன்.

அந்த வீட்டு அப்பா கட்டட வேலைகளில் கிரேனுக்குக் கை காட்டியவர். அவர் முஷ்டியை மடக்கினால் தலைக்கு மேல் ஆடும் இரும்பு அப்படியே நிற்கும். முதல் அட்டாக்கில் இதயத்தின் தசையில் பாதி செத்துப்போனது. மிச்சத்தைக் காப்பாற்ற டாக்டர் மாத்திரைகளோடு ஒரு வாக்கியமும் கொடுத்தார்: "டென்ஷன் ஆகக் கூடாது." மாத்திரை அவருக்கு. வாக்கியம் வீட்டுக்கு.

டிவி சத்தமாக இருந்தால் டென்ஷன். உப்பைக் குறைக்கச் சொன்னதும் டாக்டர்தான், உப்பு குறைந்தாலும் டென்ஷன். மகன் தனிக்குடித்தனம் போகிறேன் என்றான். கை நெஞ்சுக்குப் போனது. மருமகள் பெட்டியைக் கட்டியபடியே அவனிடம் சொன்னாள்: "உங்கப்பாவுக்குக் கை நல்லாத்தாங்க வேலை செய்யுது. நெஞ்சுதான் பாவம்." அதோடு மகன் வீட்டுக்கும் இந்த வீட்டுக்கும் போக்குவரத்து நின்றது.

(அவர் எப்போதும் நடித்தார் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சில நாள் வலித்தது. எது வலி, எது வழக்கம் என்பது போகப்போக அவருக்கே பிடிபடவில்லை.)

3

மகள் விஷயத்தில்தான் எனக்குச் சிக்கல். முதல் வரைவில் அவள் பொறுமைசாலி. தலையணையை நிமிர்த்தினாள், கண்ணைத் துடைத்துக்கொ... அந்த வரியை அடித்துவிட்டேன். மாத்திரையை நீட்டும்போதே "இதெல்லாம் எப்போது முடியும்" என்று நினைப்பவள் அவள். அப்படி நினைத்துவிட்டோமே என்று தண்ணீரைப் பதமாகச் சூடாக்கிக் கொடுப்பவளும் அவள்தான். இந்த மாதிரி ஆளை எனக்குத் தெரியும்.

அவளுக்கு வெளியூரில் வேலை கிடைத்துவிட்டது. கிளம்புகிற காலையில், சமையலறையில் அம்மா கேட்டாள்:

"அப்பாகிட்ட சொல்லிட்டியா?"

"சொன்னா கை நெஞ்சுக்குப் போயிடும்மா."

"போனா போகட்டும். நீ கிளம்பு."

"நெஜமாவே வலிச்சா?"

அம்மா பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "கட்டிக்கிட்ட நாள்லேர்ந்து இவரு மனசுல என்னன்னு தெரியல. இப்ப நெஞ்சுல என்னன்னும் தெரியல. எனக்கு எப்படிடி தெரியும்?"

4

கூடத்தில் பையைப் பார்த்துவிட்டு அப்பா நின்றார்.

"எங்க கிளம்பிட்ட?"

"வேலை கெடைச்சிருக்குப்பா. வெளியூரு. அங்கேயே தங்கணும்."

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தாள். கை எழும்பவில்லை. நாற்காலியின் முதுகைப் போய்ப் பிடித்துக்கொண்டது.

"போயிட்டு வா," என்றார்.

"என்னப்பா, இன்னிக்கு நெஞ்சுக்கு லீவா?"

[கொடூரமான வரி. எடுக்க மாட்டேன். அவள் கேட்டாள்.]

அவர் சிரிக்கப் பார்த்தார். "ஆமா, லீவுதான். கிளம்பு, பஸ் போயிடும்."

அவளுக்குத் தெரியாத ஒன்றை உங்களிடம் சொல்கிறேன். இன்றைக்கு நிஜமாகவே வலிக்கிறது. கையை வைத்தால் நடிப்பு என்பாள். அல்லது நம்பி நின்றுவிடுவாள். இன்று அவருக்கு இரண்டும் வேண்டாம். எது அதிகமாக வேண்டாம் என்று என்னைக் கேட்காதீர்கள்.

5

முடிவு ஒன்று: அவள் போகிறாள், பஸ்ஸில் போன் அடிக்கிறது. இதை எழுதி முடிக்கும்போது எனக்கே கொட்டாவி வந்தது.

முடிவு இரண்டு: ஆம்புலன்ஸ் வருகிறது, அவர் பிழைக்கிறார், அப்பாவும் மகளும் கட்டிக்கொண்டு... பொய். பிழைத்து வந்த மறுநாளே உப்பு குறைந்திருக்கும்.

முடிவு மூன்று: அவள் கவனிக்காமலே போய்விடுகிறாள். யார் மீதும் தப்பில்லை. எனக்குப் பிடித்த முடிவு. ஆனால் முடியாது. அவள் வேலை என்ன என்று நான் சொல்லவில்லை, இல்லையா? இத்தனை நாளும் பல்செட் செய்யும் லேபில் இருந்தாள், புது வேலையும் அதுதான். ஈறுக்கும் உதட்டுக்கும் ஏற்ற நிறம் பார்த்துப் பல் பொருத்துகிற வேலை. ஊரார் வாயின் நிறத்தையெல்லாம் பார்ப்பவள், அப்பாவின் உதடு சாம்பல் நிறமாகிவிட்டதைப் பார்க்காமல் எப்படிப் போவாள்? வேறு வேலை கொடுத்து அவளைக் கண்ணைக் கட்டி அனுப்பியிருக்கலாம். அது நான் தப்பித்துக்கொள்ளும் வழி, அவளுடையது அல்ல.

ஆக, பார்த்துவிட்டாள். அவள் பார்த்தது அவருக்கும் தெரிந்துவிட்டது.

"போன்னு சொன்னேன்ல," என்கிறார். சொல்ல மூச்சு போதவில்லை.

உள்ளே குழாய் ஓடுகிறது, அம்மாவுக்கு எதுவும் கேட்காது. இவள் ஒரு குரல் கொடுத்தால் போதும். கொடுத்தால் அவர் பிழைக்கக்கூடும், இவள் இனி அந்த வாசலைத் தாண்டப்போவதில்லை. கொடுக்காவிட்டால் தாண்டிவிடலாம், அப்பா சொல்லித்தானே போனேன் என்று ஆயுசுக்கும் சொல்லிக்கொள்ளலாம்.

வாயைத் திறக்கிறாள்.

நான் பேனாவை வைத்துவிட்டேன். அவள் சொல்லப்போவது அம்மாவைக் கூப்பிடும் சொல்லா, 'போய்ட்டு வரேன்பா'வா? நீங்கள் சொல்லுங்கள். நன்றாக யோசித்தே சொல்லுங்கள். ஆனால் நீங்கள் யோசிக்கிற நேரம் முழுக்க அவர் அந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றுகொண்டிருக்கிறார்.