சாப்பாட்டு மேசைப் பக்கத்து ஜன்னல்

விதோமிரை உள்ளே விட்டதும் ரதிவோயே கதவைத் திரும்பப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பகல் பதினோரு மணி. முப்பது வருஷமாக ஊரார் ஜன்னல்களுக்கு மறைப்பு மாட்டி வயிறு வளர்க்கிற விதோமிருக்கு அடுத்தவன் வீட்டுப் பூட்டைப் பற்றிக் கேட்கிற வழக்கமில்லை. பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு வலிக்கிற முதுகை நிமிர்த்தினார்.

"வாங்க மேஸ்திரி, மொதல்ல ஒரு வாய்." ரதிவோயே பிளம் சாராயம் ஊற்றினான். நாற்பது வயது, நல்ல சிரிப்பு. அவன் மனைவி ஸ்லாவிட்சா செர்ரிப் பாகும் தண்ணீரும் தட்டில் கொண்டுவந்து நீட்டினாள். ஒரு கரண்டி பாகு, ஒரு மடக்குத் தண்ணீர். அதற்குப் பிறகுதான் எந்த வீட்டிலும் வேலை தொடங்கும்.

ஒரே நீள அறை. ஒரு பாதியில் சோபா, மறுபாதியில் சாப்பாட்டு மேசை. சோபாப் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே சாலை. மேசைப் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே முற்றம், அதைத் தாண்டி எதிர்க் கட்டடம். விதோமிர் மாதிரித் துணிப் புத்தகத்தை விரித்தார். சோபாவும் மேசையும் இப்படி ஒரே அறையில் என்றால் துணி தேர்ந்தெடுக்கவே பெண்கள் அரை நாள் எடுப்பார்கள். ரெண்டு பக்கமும் ஒரே துணியா, சோபா நிறத்துக்கு ஒத்துப்போகுமா, சமையல் வாடை பிடிக்குமா என்று ஆயிரம் கேள்வி. ஸ்லாவிட்சா ஒரு துணியைக்கூடத் தொடவில்லை.

"துணியெல்லாம் எதுக்கு?" ரதிவோயே புத்தகத்தை மூடினான். "ரெண்டுக்கும் வெளிய அலுமினிய ஷட்டர். அடி வரைக்கும் எறங்கணும். இழுக்கிற பட்டைக்கு ஒரு பூட்டு. சாவி ஒண்ணு போதும்."

"நாலாவது மாடிக்கா? காக்கா வந்தா திருடப் போவுது?"

"வெயிலு மேஸ்திரி. இவளுக்கு ஆகாது."

மேசைப் பக்கம் வடக்கு. வெயில் எட்டிக்கூடப் பார்க்காது.

"அந்த மேசைப் பக்கம் மட்டும்," ஸ்லாவிட்சா முதல்முறையாக வாய் திறந்தாள், "மெல்லிசா ஒரு வெள்ளைத் திரை போட்டா..."

"கேட்டீங்களா! எதிர் வீட்டுல இவ அக்கா லூபின்கா. காலையில இவ ஜன்னல்ல காப்பிப் பாத்திரத்த வைக்கணும், அவ பாத்துட்டு ஓடி வரணும். நான் ஒருத்தியக் கட்டுனேனா ரெண்டு பேரயான்னே தெரியல, மேஸ்திரி." சிரித்தான். அப்போது அவன் பையில் போன் அடித்தது. பூப்போட்ட உறை போட்ட போன். எடுத்துப் பார்த்து மணியை அடக்கினான். "அவதான். ஆயுசு நூறு."

ஸ்லாவிட்சாவின் கை தன் போனை நோக்கி நீண்டு, பாதியில் திரும்பியது. வெயிலுக்குப் பயந்தவன் வடக்கு ஜன்னலுக்குப் பூட்டுக் கேட்கமாட்டான். இவனுக்குப் பயம் எதிர் வீட்டு அக்காவிடம். வந்த வேலையைப் பாரடா என்று தனக்கே சொல்லிக்கொண்டு விதோமிர் மேசைப் பக்கத்து ஜன்னலைத் திறந்து ஸ்டூலில் ஏறினார்.

"மூணு எடத்துல அளப்போம். எது கம்மியோ அதான் கணக்கு. கீழ்நுனிய யாராவது பிடிங்க."

ஸ்லாவிட்சா பிடித்தாள். இடது ஓரம், நூற்று நாற்பது சென்டிமீட்டர். நடுவில், நூற்று நாற்பது. வலது ஓரத்துக்கு வந்தபோது ரதிவோயே அடுத்த கிளாஸை ஊற்றத் திரும்பினான். விதோமிர் குனிந்து பார்த்தார். டேப்பின் நுனி ஜன்னலின் அடிச்சட்டத்தைத் தொடவில்லை. நான்கு விரல் உயரத்தில், நகம் வெளுக்க அழுத்திப் பிடித்திருந்தாள். அவரைப் பார்க்கவே இல்லை.

"எவ்வளவு?" என்றான் ரதிவோயே.

பென்சில் ஒரு கணம் நின்றது.

"நூத்தி முப்பத்திரெண்டு."

பன்னிரண்டு நாள் கழித்து மாட்டினார். சோபாப் பக்கத்து ஷட்டர் ஒழுங்காக இறங்கிப் பாதி அறையை விழுங்கியது. மேசைப் பக்கத்தது இறங்கி, அடிக்கு நான்கு விரல் முன்னால் நின்றது. மேசை மேல் ஒரு பட்டை வெளிச்சம்.

ரதிவோயே குனிந்து அந்த இடைவெளியில் கையை வைத்துப் பார்த்தான். கச்சிதமாக நுழைந்தது.

"என் தப்புதான்," விதோமிர் முந்திக்கொண்டார். "கண்ணு முன்ன மாதிரி இல்ல. கீழ ரெண்டு பட்டி சேத்து ஒரு வாரத்துல கொண்டாறேன்."

"டேப்போட கீழ்நுனிய யாரு பிடிச்சது, மேஸ்திரி?"

"அளந்து எழுதுனது நான்தானே."

"நீங்க ஸ்டூல் மேல நின்னீங்க." குரல் உயரவேயில்லை. "பரவால்ல. தப்பு யாருக்குத்தான் வராது?"

அன்று இரண்டாவது கிளாஸ் ஊற்றவில்லை. ஸ்லாவிட்சா தட்டோடு சுவரை ஒட்டி நின்றாள். விதோமிர் வெளியே வந்ததும் பின்னால் சாவி இரண்டு சுற்று சுற்றியது.

முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்தார். ஷட்டருக்கு அடியில் கறுப்பாக ஒரு கீற்று. அதில் நான்கு விரல்கள் தெரிந்தன. ஆணுடையதா பெண்ணுடையதா, கீழிருந்து சொல்ல முடியவில்லை. சட்டென்று உள்ளே போய்விட்டன.

நமக்கெதற்கு என்று கால் தெருப்பக்கம் திரும்பியது. ஆனால் கருவிப்பையை அங்கேயே போட்டுவிட்டு எதிர்க் கட்டட வாசலுக்குத்தான் போனார். அழைப்புமணிப் பலகையில் இருபத்திநான்கு பொத்தான், பக்கத்தில் குடும்பப் பெயர்கள். எந்தக் குடும்பம், எந்த மாடி என்று அவர் கேட்டிருக்கவில்லை. உள்ளங்கையை விரித்து, ஒரு பொத்தான் விடாமல் மேலிருந்து கீழே அழுத்திக்கொண்டே வந்தார்.

"யாரு?" என்றது ஒரு குரல். "யாரது?" என்றது இன்னொன்று. பிறகு ஆணும் பெண்ணுமாகப் பல குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. விதோமிர் பலகையில் வாயை வைத்து, "லூபின்கா," என்றார். "லூபின்கா இருக்காங்களா?"