எந்தக் கட்டைவிரல்

எலும்பு நீக்கும் இயந்திரம் வந்த எட்டாவது மாதம், இறைச்சி ஆலையின் மூத்த கத்திக்காரனுடைய வலது கட்டைவிரல் சுருங்கி, மணிக்கட்டுப் பக்கமாக ஒரு அங்குலம் நகர்ந்துபோனது. அதே வாரம் அவனுடைய கால் கட்டைவிரல் மற்ற விரல்களோடு சண்டை போட்டுக்கொண்டதுபோல் தனியே விலகி நின்றது. ஆலை வாசலில் வருகைப் பதிவுப் பெட்டியைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவன் மனைவிக்கு. பெட்டியின் கண்ணாடியில் புருஷன் விரல் வைத்ததும் அது "ஆள் இல்லை" என்று சொன்னதை முதலில் கேட்டவள் அவள்தான்.

இருபது வருஷம் அவன் கையில் இருந்த கத்தியை வாங்கிப் பூட்டிவிட்டு, குளிர் அறையின் இரும்புச் சட்டங்களில் ஏறி உரித்த உடல்களைத் தொங்கவிடும் வேலையைக் கொடுத்திருந்தார்கள். கொழுப்பில் செருப்பு வழுக்கியதால் வெறுங்காலோடு ஏறினான். கால் பற்றிக்கொள்ளப் பழகியது, கை சும்மா இருக்கப் பழகியது. ஆலை டாக்டர் அவன் வாயைத் திறந்து பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார். "மரத்தை விட்டு இறங்கி நடந்ததுலதாம்மா மனுஷனுக்குக் காலு இப்படி ஆச்சு. கல்லை உடைச்சு வெட்டப் பழகினதுல கட்டைவிரல் பலமாச்சு, பல்லு சின்னதாச்சு. அதுக்குப் பல லட்சம் வருஷம். உங்க வீட்டுக்காரர் வந்த வழியே திரும்பிப் போறாரு, அவ்வளவுதான்."

"எந்த ஸ்டாப்ல இறங்குவாரு டாக்டர்?" என்று அவள் கேட்டாள். அவர் சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

கோரைப்பற்கள் உதட்டைத் தாண்டி வளர்ந்தன. சாப்பாட்டு மேசையில் அவன் எலும்பைக் கடித்துப் பிளந்து மஜ்ஜையை உறிஞ்சும் சத்தம், அடைத்த சாக்கடை திறப்பதுபோல் இருந்தது. தாடையில் வழிந்ததைப் புறங்கையால் துடைத்து, புறங்கையை நக்கினான். ஒருநாள், நகத்தடியில் மஞ்சள் கொழுப்பு அப்பிய அந்தக் கால் மேசைமேல் ஏறி அவள் தட்டிலிருந்து ரொட்டியை எடுத்தபோது, அவள் ஓடிப்போய்த் தொட்டியில் வாந்தி எடுத்தாள். அக்கா வீட்டுக்குப் போவதென்று பையைக் கட்டி வைத்தாள். தொடர்ந்து முப்பது நாள் வராதவனுக்கு வேலை கிடையாது என்பது ஆலை விதி. அவன் ஒருநாளும் தவறாமல் வந்தும், பெட்டியின் கணக்கில் இருபத்தொன்பது நாளாக வரவில்லை.

முப்பதாம் நாள் காலை விரலை வைத்தான். "ஆள் இல்லை."

"இன்னைக்கும் நான் இல்லையா?" என்று பெட்டியிடம் கேட்டான். பதில் சொன்னது அவள்.

"இருக்கீங்க. அதான் நாறுதே. காலைத் தூக்குங்க."

ஈரக் கொழுப்பும் புளித்த பாலும் சேர்ந்த வாடை. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு காலைக் கையில் பிடித்தாள். கால் கட்டைவிரல் அவள் சுண்டுவிரலைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது. பிடியைப் பிரித்து, அந்த விரலைக் கண்ணாடியில் அழுத்திப் புதிய ரேகையாகப் பதித்தாள். "வருக" என்றது பெட்டி.

மேலாளர் ஓடி வந்தார். "என்னம்மா அசிங்கம் இது? எந்த விதியில இருக்கு?"

"விதியில கட்டைவிரல்னுதான் சார் போட்டிருக்கு. எந்தக் கட்டைவிரல்னு போடலை."

ஏழு முறை சோப்புப் போட்டும் வாடை போகவில்லை. மதியம் அதே கையால் சாப்பிட்டாள். பையை அன்று மாலையே அவிழ்த்துவிட்டாள்.

அடுத்த வருஷத்துக்குள் மற்றப் பதினோரு கத்திக்காரர்களுக்கும் அப்படியே ஆனது. பெட்டிக்கு முன்னால் கால் வைக்க ஒரு ஸ்டூல் போட்டார்கள். ஒவ்வொரு காலுக்கும் அப்புறம் அவள் முகத்தைச் சுளித்தபடி கண்ணாடியைத் துடைக்கிறாள். புதிதாக வேலைக்குச் சேர்ந்து, விவரம் தெரியாமல் கையை நீட்டுகிறவர்களை, செருப்பைக் கழற்றிவிட்டு வரச்சொல்லி வரிசையின் கடைசிக்கு அனுப்புகிறாள்.