ஒரே பாறையில் பூத்தது

கனகலதா திருவண்ணாமலையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் கற்பித்தாள். 1993 மழைக்காலத்தில், அடி அண்ணாமலைக்கு மேலே மலைச்சரிவில், ஊற்றுநீர் கசிந்து வழியும் பாறை ஒன்றில் அந்தச் செடியைக் கண்டாள். விரல் நீளம்தான். வெளிர்நீலப் பூ, நடுவில் ஒரு மஞ்சள் பொட்டு. கால் வைக்க இடமில்லாமல் பாறை முழுக்கப் பூத்துக் கிடந்தது.

சென்னையில் இருந்த ஆய்வாளர் ஒருவரிடம் உலர்ந்த செடியைக் கொண்டுபோய்க் காட்டினாள். யாரும் இதுவரை பதிவு செய்யாத இனம் போலத் தெரிகிறது, வேறு எங்கே வளர்கிறது என்று தேடிப் பாருங்கள் என்றார் அவர். அடுத்தடுத்த மழைக்காலங்களில் ஜவ்வாது மலை, செஞ்சிக் குன்றுகள், செங்கம் பக்கத்துக் காடுகள் என்று ஏறி இறங்கினாள். இதே போன்ற பாறை இருந்தது, கசிவும் இருந்தது. செடி இல்லை.

அவள் கணவன் நேமிநாதன் வங்கியில் வேலை பார்த்தான். ஞாயிற்றுக்கிழமையானால், மொட்டையாகிக் கிடந்த மலையில் மரம் நடும் குழுவோடு கிளம்பிவிடுவான். ஒருநாள் அவனையும் அந்தப் பாறைக்குக் கூட்டிப்போனாள்.

“இவ்ளோ ஜாஸ்தி இருக்குது. இதப் போயி அபூர்வம்னு சொல்றியே?”

“இங்கதாங்க ஜாஸ்தி. நம்ம ஊர் வேப்பமரம் அத்தனையும் பட்டுப்போனாகூட பக்கத்து ஊர்ல இருக்கும். இதுக்குப் பக்கத்து ஊரே கிடையாது.”

நேமிநாதன் மண்டியிட்டு ஒரு பூவை வெகுநேரம் பார்த்தான். “யார் காலும் படாம நான் பாத்துக்கறேன், லதா” என்றான்.

1998 கோடையில் கனகலதாவின் அப்பா பக்கவாதத்தில் படுத்துவிட்டார். அவள் கீழ்பென்னாத்தூரில் பிறந்த வீட்டிலேயே தங்கி, அங்கிருந்து பஸ்ஸில் கல்லூரிக்கு வந்துபோனாள். அந்த வருஷம் மலைப்பக்கம் போக முடியவில்லை. தை மாதம் அப்பா போய்ச் சேர்ந்தார்.

அவள் இல்லாத அந்தக் கோடையில் குழு அந்தச் சரிவுக்கு வந்திருந்தது. நேமிநாதன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான். பாறையைச் சுற்றிக் கல் அடுக்கி, ஒருவரையும் உள்ளே விடவில்லை. புதுக் கன்றுகளுக்கு மழைநீர் நிற்கட்டும் என்று, பாறைக்கு மேலே சரிவின் குறுக்கே ஆழமாக ஒரு பள்ளம் வெட்டினார்கள். வெட்ட வேண்டிய இடத்தைக் காட்டியவனும் அவன்தான்.

மறு வருஷ மழைக்காலத்தில் இருவரும் சேர்ந்து ஏறினார்கள். கன்றுகள் இடுப்பளவு வளர்ந்திருந்தன. பாறை வெறும் பாறையாக இருந்தது.

“மழை கம்மியோ?” என்றான் நேமிநாதன்.

கனகலதா பாறையைத் தாண்டி மேலே ஏறினாள். பள்ளம் நிறையத் தண்ணீர் நின்றது.

“பாறைக்கு வர்ற தண்ணி இதுதாங்க” என்றாள்.

அவனுக்குப் புரியச் சற்று நேரம் ஆனது. புரிந்ததும் அப்படியே ஈரமண்ணில் உட்கார்ந்துவிட்டான்.

அடுத்த நாளே லீவு போட்டுவிட்டு மண்வெட்டியோடு வந்தான். குழுவை நடத்திய சகாதேவன் பின்னாலேயே ஓடிவந்தார்.

“சார், மூடிட்டா கன்னுங்க காஞ்சிடும்.”

“காயட்டுங்க” என்றபடி நேமிநாதன் மண்ணைத் தள்ளினான். சகாதேவன் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு அவரும் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டார்.

கசிவு திரும்பியது. அடுத்த ஆண்டு, பாறையின் ஒரு வெடிப்பில் மட்டும், ஒரு கைக்குள் அடங்கும் அளவு செடிகள் முளைத்தன. கணவனும் மனைவியும் வேறெதையும் பேசாமல் அதையே பேசினார்கள். பூ வந்தது. காய் பிடிக்கும் முன்னே ஓர் ஆடு கல்லடுக்கைத் தாண்டி வந்து மேய்ந்துவிட்டுப் போயிற்று. ஆடுகள் அங்கே எப்போதும் மேய்ந்தவைதான். முன்பெல்லாம் தின்றது போக ஒரு பாறை நிறைய மிச்சம் இருந்தது.

அதன்பின் எதுவும் முளைக்கவில்லை. முந்தைய வருஷங்களில் எடுத்து வைத்திருந்த விதையைக் கனகலதா தொட்டியில் தூவினாள், பாறைக்கே கொண்டுபோயும் தூவினாள். பாசிதான் படர்ந்தது.

நேமிநாதன் குழுவுக்குப் போவதை நிறுத்திவிட்டான். காய்ந்தது போக மிஞ்சிய கன்றுகள் மரங்களாயின. பௌர்ணமிக்குக் கிரிவலம் வருபவர்கள் நிமிர்ந்து பார்த்து, மலை எப்படிப் பச்சையாயிடுச்சு என்றார்கள்.

2003-இல் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் திடீரென்று சொன்னான்:

“ஒரு வார்த்த திட்டியிருக்கலாம் நீ.”

“கல்லு அடுக்கினீங்களே” என்றாள் கனகலதா. “அத்தன கல்லையும் ஒத்த ஆளா தூக்கினீங்கனு சகாதேவன் சொன்னாரு. அதுக்கப்புறம் நான் என்னனு திட்டுறது?”

அவன் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டான். அவள் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.