ரோஸ் பொத்தான்

புதுச்சேரி குருசுக்குப்பத்துக் கடல் நுரையை ஒரு பகல் முழுக்க ரோஸ் கலராக்கிய ஆள் உலகத்திலேயே அரிகிருஷ்ணன் ஒருவர்தான். மில்லின் சாயப் பிரிவில் சேர்ந்த புதிதில் கைதவறிக் கவிழ்ந்த டப்பா, வாய்க்கால் வழியே கடலுக்குப் போய்விட்டதாம். நண்டு ரோஸ், கருவாடு ரோஸ், பறந்த கொக்குகூட ரோஸ். கொக்கு மட்டும் அவரே பிற்பாடு சேர்த்துக்கொண்டது. ஐம்பத்தோரு வருடத்தில் டப்பா வளர்ந்து பீப்பாயாகிவிட்டது. ஊர் சிரித்துவிட்டுப் போய்விடும். விடாமல் மறுப்பவர் பக்கத்து வீட்டு ஜாக் மட்டுமே. பிரெஞ்சு ராணுவ பென்ஷன்காரர்.

அந்த ஜாக்தான் வெள்ளிக்கிழமை ஒரு ரோஸ் கவுனை ஒளித்துக்கொண்டு வந்து நின்றார்.

"ஞாயித்துக்கிழமை எங்க அம்பதாவது கல்யாண நாள். நிச்சயத்துக்குப் போட்ட இந்தக் கவுனத்தான் மாதா கோயில் பூசைக்குப் போடுவேங்கறா அஞ்செல். இஸ்திரி போடறேன்னு ஒரு பொத்தான ஒடச்சிட்டேன்டா. தெரிஞ்சா மனசு ஒடஞ்சிடுவா."

மகள் சபின் வாங்கிக் கொடுத்த த்ரீடி பிரிண்டரில் அச்சு அசலாக இன்னொன்று செய்திருந்தார் ஜாக். ஆனால் வெள்ளை. வீட்டில் இருந்தது வெள்ளை பிளாஸ்டிக் இழைச் சுருள் மட்டுந்தான்.

"குடு, கண்ண மூடிக்கிட்டே கலர் ஏத்திடறேன்."

"பிளாஸ்டிக்குடா இது. துணியில்ல."

பருத்திச் சாயத்தைக் கரைத்து, மில் வழக்கப்படி உப்பள்ளிப் போட்டு, தளதளவென்று கொதிக்கவிட்டார் அரிகிருஷ்ணன். பொத்தான் பொரித்த அப்பளமாக வளைந்து, அதே வெள்ளையில் மிதந்தது.

"மோன் தியூ, கடவுளே! உன் கடலும் இப்பிடித்தான் செவந்துச்சா?"

அது சுருக்கென்று தைத்தது. "இன்னும் ரெண்டு பிரிண்ட் அடிச்சிக் குடு. ஆனா கலர் ஒத்துப்போச்சின்னா, நுரை செவந்துச்சின்னு நீ அஞ்செல் முன்னாடியே ஒத்துக்கணும்."

"பாக்காதத எப்பிடிடா ஒத்துக்கறது?" என்றார் ஜாக், எங்கோ பார்த்துக்கொண்டு.

பெரிய மார்க்கெட்டில் பிளாஸ்டிக்கிலும் ஏறும் பாலியெஸ்டர் சாயம் கிடைத்தது. ரோஸ், கூடவே சிட்டிகை ஆரஞ்சு. இம்முறை கொதிக்கவிடவில்லை, விரல் தாங்காத சூட்டில் அடுப்பைத் தணித்துவிட்டுக் கரண்டியால் துழாவிக்கொண்டே இருந்தார். ஆவி முகத்தில் அடித்ததும் வயது இருபத்திமூன்றாகிவிட்டது. ஈரத் தரை, மில் சங்கு ஊதும் சத்தம், ரோஸ் உள்ளங்கைகளோடு சைக்கிளில் வீடு திரும்பும் கூட்டம். பத்து நிமிடத்தில் எடுத்தபோது வெளிறல். மறுபடி முக்கினார். இருபதாவது நிமிடத்தில், போதும் என்று கை தானாக நின்றது.

ஞாயிறு காலை அஞ்செல் கவுனோடு வெளியே வந்தார். கவுன் பக்கவாட்டில் இரண்டு விரற்கடை பிரித்துத் தைக்கப்பட்டிருந்தது. ஐந்து பொத்தான்களையும் தடவிப் பார்த்தார்.

"ஒடஞ்ச துண்டு இஸ்திரி மேசைக்கு அடியில கெடந்துது, அண்ணே. இவரு மூஞ்சியப் பாத்துட்டுத்தான் நான் வாயத் தொறக்கல. ஆனா இதுல எது புதுசு?"

அரிகிருஷ்ணன் தொண்டையைக் கனைத்தார். ஜாக் தொப்பியைக் கழற்றினார்.

"சரிடா. நுரை ரோஸாத்தான் இருந்துச்சி. நான் பாத்தேன்."

"எங்கேர்ந்து பாத்த?"

"கரையிலேர்ந்து. இவளும் இருந்தா. நிச்சயத்துக்கு முன்னாடி. எங்க மாமனாருக்குத் தெரிஞ்சிருந்தா தோல உரிச்சிருப்பாரு."

"அவரு போயி முப்பது வருஷமாச்சேடா!"

"அதுக்குள்ள இல்லன்னு சொல்லியே பழகிப்போச்சி."

அஞ்செல் சிரித்தார். "அந்த நுரையப் பாத்துட்டுத்தான் அண்ணே இந்தக் கலரே எடுத்தேன்."

அரிகிருஷ்ணன் பயந்துகொண்டே கேட்டார்:

"கொக்கு?"

"கொக்குந்தான்டா," என்றார் ஜாக். "ரோஸு."