மூன்றாவது கோடு

டெல்ஃபினா இரும்புக் கம்பியைச் சமையலறை ஜன்னலில் இருந்த கொத்தமல்லித் தொட்டிக்குள் குத்தினாள். நுனியில் மண் சரியாக ஒட்டவில்லை. தொட்டியில் அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி மறுபடியும் குத்தி, ஒரு திருகு திருகி எடுத்தாள். இப்போது ஈரமண் நன்றாக அப்பிக்கொண்டிருந்தது. கொத்தமல்லி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

முன்னறையிலிருந்து கணவன் சிரியாகோவின் குரல் வந்தது. "என்ன கிழவி, கம்பியை எடுக்கப் போனியா, அடிச்சுச் செய்யப் போனியா?"

"வரேன், வரேன். பறக்காத."

பறக்கிற நிலையிலா இருந்தான். ஆஸ்பத்திரிக்காரர்கள் சக்கரக் கட்டிலையும் ஆக்சிஜனையும் கொண்டுவந்து போட்டு, இனி வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டுப் போய்ப் பதினோரு நாள் ஆகிறது. ஆஸ்பத்திரியில் அப்படிச் சொன்னால் எந்த ஊரிலும் ஒரே அர்த்தம்தான்.

அந்தக் கம்பி அவனே செய்தது. பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருந்தபோது, மார்பளவு கம்பி ஒன்றை எடுத்துவந்து, நுனியைத் தீட்டி, அடிக்கு ஒன்றாக மூன்று கோடு அறுத்து வைத்தான். முதல் கோடு மிளகாய்க்கும் தக்காளிக்கும். இரண்டாவது ரோஜாவுக்கு. மூன்றாவது கொல்லையில் நிற்கிற அத்திமரத்துக்கு. தண்ணீர் விட்டதும் கம்பியை மண்ணில் இறக்குவான். ஈரம் இருக்கிற ஆழம் வரைக்கும் வழுக்கிக்கொண்டு போகும். காய்ந்த மண் வந்ததும் சட்டென்று நின்றுவிடும். எத்தனை வாளி ஊற்றினேன் என்று யார் சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ள மாட்டான். கம்பி சொல்ல வேண்டும்.

மூன்றாவது கோடு வரைக்கும் இறங்க மூன்று மணி நேரம் பிடிக்கும். குழாயை நூல் மாதிரி திறந்து, கிளைகளின் நிழல் முடிகிற ஓரத்தில் இடம் மாற்றி மாற்றி வைக்க வேண்டும். நிறையத் திறந்தால் மேலோடு ஓடிச் சந்துக்குப் போய்விடும். வெயில் ஏறிவிட்டால் பாதி ஆவிதான். அதனால் பத்து நாளைக்கு ஒருமுறை விடியற்காலை ஐந்து மணிக்கு இரண்டு பேரும் காப்பியோடு மரத்தடியில் இரண்டு இரும்பு நாற்காலியைப் போட்டுக்கொள்வார்கள். மற்ற நாளெல்லாம் அவன் ஏதாவது ஒரு பஸ்ஸுக்கு அடியில் கிடப்பான். முப்பத்துநாலு வருஷத்தில் அவர்கள் பேசிய பேச்சு முக்கால்வாசி அந்த மூன்று மணி நேரத்தில் பேசியதுதான். பிள்ளை இல்லையே என்று அழுததும் அங்கேதான். சரி, விடு என்று சிரித்ததும் அங்கேதான்.

அவன் படுக்கையில் விழுந்த பிறகு தண்ணீர் முறை வந்தது. நாலு நாள் தள்ளியும் போய்விட்டது. டூசான் மாதிரி பாலைவன ஊரில், ஜூன் மாத வெயிலில் நாலு நாள் என்பது விளையாட்டில்லை. ஆனால் மூன்று மணி நேரம் கொல்லையில் உட்கார டெல்ஃபினாவால் முடியவில்லை. அந்த மூன்று மணி நேரத்தில் அவன் போய்விட்டால்?

அவன் அக்கா எல்விரா தன் பங்குக்கு ஒரு வாளி ஊற்றிவிட்டு வந்து பெருமையாகச் சொன்னாள்.

"எங்க ஊத்தின?" என்று கேட்டான் சிரியாகோ.

"மரத்துக்குத்தான்டா. அடிமரத்துல."

"அது என்ன வெளியூர் போயிட்டா வந்திருக்கு, கால் கழுவி விடறதுக்கு?"

"செத்துக்கிட்டு இருக்கும்போதும் வாய் குறையுதா பாரு" என்று எல்விரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் குளியலறைக்குள் போய் வெகுநேரம் வெளியே வரவில்லை.

அன்று காலை அவன் கேட்டபோது டெல்ஃபினா, "நீ தூங்கும்போதே விட்டுட்டேன்" என்றாள். "அப்ப கம்பியைக் கொண்டா" என்றான். அதனால்தான் கொத்தமல்லித் தொட்டி.

கம்பியைப் படுக்கையில் அவன் பக்கத்தில் வைத்தாள். அவன் நுனியைத் தொட்டான். மண்ணைக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தான். மூக்குக்குக் கொண்டுபோனான்.

"மூணாவது கோடா?"

"மூணாவது கோடு."

அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு விரலைப் போர்வையில் துடைத்தான். "நல்லா இறங்கியிருக்கு. இனி பத்து நாளைக்கு நீ அது பக்கமே போக வேணாம். இங்கயே உட்காரு."

உட்கார்ந்தாள். கூலர் ஈரக்காற்றை அடித்துக்கொண்டிருந்தது. அவன் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். மத்தியானம் நாலு மணிக்கு அவள் கைக்குள்ளேயே அவன் கை கனத்துப்போனது.

அடுத்த நாள் கட்டிலைக் கழற்றிக் கொண்டுபோனார்கள். மாதா கோயிலில் ஜெபமாலை, மறுநாள் அடக்கம். வீடு முழுக்க யார் யாரோ கொண்டுவந்த பீன்ஸ் சட்டிகளும் துணியில் சுற்றிய ரொட்டி அடுக்குகளும். மழையைக் கூட்டிவரும் என்கிற சான் ஹுவான் திருநாளும் வந்து போய்விட்டது, ஒரு தூறல் இல்லையே என்று பேசிக்கொண்டார்கள். டெல்ஃபினா எல்லாருக்கும் தட்டு எடுத்துக் கொடுத்தாள். யார் முகத்தையும் பார்க்கவில்லை. மனசுக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடிக்கொண்டிருந்தது. அவனிடம் கடைசியாகச் சொன்னது பொய். முப்பத்துநாலு வருஷம் கூட இருந்த மனுஷனை ஏமாற்றி அனுப்பியிருக்கிறாள்.

கூட்டம் கலைந்த பிறகு எல்விரா கொல்லைக் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"டெல்ஃபினா, அத்திமரத்தைப் பார்த்தியா? இலையெல்லாம் தொங்குது. அவன் பின்னாடியே போயிரும்போல."

"பார்த்தேன்."

"நீ தண்ணி விட்டேன்னு அவன்கிட்ட சொன்னியே."

டெல்ஃபினா சட்டியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். எல்விரா கதவைச் சாத்திவிட்டு, தானும் ஒரு துணியை எடுத்துப் பாத்திரம் துடைக்க வந்துவிட்டாள்.

மறுநாள் ஐந்து மணிக்கு டெல்ஃபினா கொல்லைக்குப் போனாள். கீழே பாதி இலைகள் உதிர்ந்து கிடந்தன. சிறு கிளை ஒன்றை நகத்தால் சுரண்டினாள். உள்ளே பச்சை இருந்தது. அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னாள். நிழல் முடிகிற ஓரத்தில் குழாயைப் போட்டு, நூல் மாதிரி திறந்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்தாள். பழக்கத்தில் இரண்டு நாற்காலியையும் விரித்திருந்தாள். காப்பியும் இரண்டு கோப்பை. அவன் இருந்தால் இந்நேரம் எல்விரா அழுத அழுகையை நடித்துக் காட்டியிருப்பான். அவனுக்குச் சொல்ல நாலு நாள் சமாசாரம் சேர்ந்து கிடந்தது.

இடம் மாற்றி மாற்றி ஒன்றரை மணி நேரம் ஆனதும் கம்பியை இறக்கினாள். இரண்டாவது கோடு வரைக்கும் வழுக்கிக்கொண்டு போய், டக்கென்று நின்றது. உருவி எடுத்தாள். எடுத்த கையோடு விறுவிறுவென்று வீட்டுக்குள் நடந்தாள்.

"ரெண்டாவது கோடு வந்திருச்சு" என்று சொல்லிக்கொண்டே முன்னறைக்குள் நுழைந்தாள்.

கட்டில் இருந்த இடத்தில் தரையில் நாலு சக்கரத் தடம் இருந்தது. மடிக்காத போர்வை நாற்காலிமேல் கிடந்தது. துவைக்க மனம் வராமல் அவள் போட்டு வைத்தது. அதன் ஓரத்தில் அவன் விரலைத் துடைத்த கறை காய்ந்திருந்தது. கரேலென்று, பசை பிடித்தாற்போல் ஒரு கறுப்பு. கடையில் பையோடு வாங்கிய தொட்டி மண்.

கையிலிருந்த கம்பியைப் பார்த்தாள். அதன் நுனியில் கொல்லை மண். சுண்ணாம்பு கலந்த, வெளுத்த, நறநறவென்ற மண். அந்தக் கொல்லையைத் தோண்டி, அந்த மண்ணைச் சலித்து, கடப்பாறையால் சுண்ணாம்புப் பாறையை உடைத்து அத்திமரத்தை வைத்தவன் அவன்தான். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் அவனுக்குத் தெரியும்.

தெரிந்தும், இங்கயே உட்காரு என்று சொன்னானே.

டெல்ஃபினா போர்வையை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டாள். அழுது முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு கொல்லைக்குத் திரும்பினாள். வெயில் இன்னும் மதிலைத் தாண்டவில்லை. மூன்றாவது கோட்டுக்கு இன்னும் ஒரு அடிதான் பாக்கி. இதே வேகத்தில் விட்டால் எட்டு மணிக்குள் முடிந்துவிடும்.

குனிந்து குழாயை இன்னும் கொஞ்சம் குறைத்தாள். நூலாக வந்துகொண்டிருந்தது சொட்டுச் சொட்டாக விழத் தொடங்கியது. ஆறிப்போன காப்பியை எடுத்துக்கொண்டு, தன் நாற்காலியை அவன் நாற்காலியின் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.