இரண்டாக அறுத்த கட்டில்

அளவு சொல்லிச் செய்து வாங்கும் மரச்சாமான் பட்டறை அது. ஒரு கட்டிலைப் போல இன்னொன்று இருக்காது; அதனால் ஒவ்வொரு ஆர்டருக்கும் தனி நம்பர். மரம், கூலி, கரண்டு, வாடகையில் ஒரு பங்கு என்று எல்லாவற்றையும் அந்தந்த நம்பரின் தலையில் கட்டுவது கணக்கு எழுதுபவளின் வேலை; பட்டறையில் எல்லோருக்கும் அவள் கணக்கக்கா. சித்தப்பாவின் பட்டறை என்பதால் வந்து சேர்ந்தவள்தான். ஆனாலும் கெட்டிக்காரி என்று பெயர் வாங்கியிருந்தாள். அவளையே குழப்பியடித்தது அந்த இரட்டைக் கட்டில்.

புருஷனும் மனைவியுமாக வந்து அளவு கொடுத்துவிட்டுப் போனது. தலைப்பலகை முடிந்த சமயத்தில் அந்த அம்மா போன் செய்து, இரண்டு ஒற்றைக் கட்டிலாகவே செய்துவிடச் சொன்னாள். தச்சரும் மறுபேச்சில்லாமல் பலகையை அறுத்துவிட்டார். மறுநாள் புருஷன் எட்டிப் பார்க்க வந்தார். அறுபட்ட பலகையைக் கண்டதும் அவர் முகம் விழுந்துவிட்டது. பழையபடி ஒட்டிக் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அறுத்த கூலி, ஒட்டப்போகும் கூலி, வீணான மரம். இதெல்லாம் பழைய நம்பரிலா, புதிதாக இரண்டு நம்பர் போடுவதா? சித்தப்பாவைக் கேட்டால், அவர்களுக்கே தெரியாதது உனக்கெப்படித் தெரியும் என்று கைகழுவிவிட்டார். வேறு வழியில்லாமல் இருவரையும் பட்டறைக்கு வரவழைத்தாள்.

மரத்தூளில் ஆளுக்கொரு பக்கமாக நின்றார்கள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?" என்றார் அவர்.

"சொல்லாமயா இருந்தேன்? ஷிப்ட் முடிஞ்சு வந்து நீங்க படுக்கும்போது கட்டிலே ஆடுது. அப்புறம் எனக்குத் தூக்கமே வர்றதில்ல."

அவர் அறுத்த ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தார். "ரெண்டும் ஒரே ரூம்லதானா?"

"பின்ன, தெருவுலயா போடுவாங்க?"

தச்சர் சிரிப்பை மறைக்க அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டாகவே இருக்கட்டும் என்று முடிவானது. கணக்கக்காவுக்குத்தான் ஒன்றும் பிடிபடவில்லை. போகும்போது அவர் மனைவியின் பையை வாங்கிக்கொண்டார். ஆனால் ஒருவர் முன்னே, ஒருவர் பின்னேதான் நடந்தார்கள். இது சண்டையா, சமாதானமா? செலவு முழுவதையும் பழைய நம்பரிலேயே ஏற்றினாள்.

கட்டில்களை இறக்கிவிட்டு வந்த தச்சரிடம், சேர்த்துப் போட்டீர்களா, தள்ளிப் போட்டீர்களா என்று கேட்டாள்.

"அந்தம்மா சேர்த்துப் போடச் சொன்னாங்க. அவருதான் தள்ளிப் போடுங்க, அவ தூங்கட்டும்னாரு. அதுலயே பேச்சு முத்திடுச்சு. நாங்க ரூம் நடுவுல இறக்கி வச்சிட்டு வந்துட்டோம்கா."

கணக்கக்கா அந்தப் பழைய நம்பரின் பக்கத்தைப் புரட்டினாள். பிறகு, வேலை முடிந்தது என்று எழுதினாள்.